டீசல் வண்டியில் எரிபொருள் அழுத்தக் குறைவு: காரணம் காணும் முறை

சரக்கேற்றிய பிக்கப் வண்டி மேட்டில் திணறுகிறது. எரிபொருள் அழுத்தமானியின் முள் தாழ்கிறது. உடனே பம்பு பழுது என்று முடிவு கட்டுகிறோம். புதிய பம்பு மாட்டிய பின்னும் முள் எழாவிடில் சங்கத்தின் பணம் வீண். ஏற்றிய காய்கறியும் அழுகும். ஆதலால் எளியதினின்று அரியதற்குச் செல்வோமாக. தொட்டியருகே மின்சாரப் பம்பும், அதற்கப்பால் வடிகட்டியும் உள்ள வண்டியை எடுத்துக்கொள்வோம்.

1. மானி: வேறொரு நல்ல மானியைப் பொருத்தி ஒப்பிடுக. அது சரியான அளவு காட்டினால் பிழை பழைய மானியினுடையதே.

2. வடிகட்டி: அதற்கு முன்னும் பின்னும் அழுத்தத்தை அளந்திடுக. முன்னே சரியாகவும் பின்னே குறைந்தும் இருப்பின் அடைப்பு உண்டு. எஞ்சின் சுமையின்றி ஓடுகையில் டீசல் குறைவாகவே செல்வதால் அடைப்பு தெரியாது. சுமையுடன் சோதித்தல் வேண்டும்.

3. உறிஞ்சு குழாய்: ஈரிடத்தும் குறைவாயின், தொட்டிக்கும் பம்புக்கும் இடையே பாருங்கள். இங்குள்ள கசிவு சொட்டாமல் காற்றை உள்ளிழுக்கக்கூடும். ஒளி புகும் குழாயை இடையில் இணைத்தால் குமிழிகள் காட்டிக்கொடுக்கும்.

4. மின்சாரம்: பம்பு ஓடும்போதே அதன் முனைகளில் வோல்ட் அளவைப் பாருங்கள். துருப்பிடித்த இணைப்பு நல்ல பம்பையும் சோர்வாக்கும்.

இவை யாவும் சரியெனில் மட்டுமே பம்பை ஐயுறுக.

ஓர் எச்சரிக்கை: இக்கால காமன் ரெயில் எஞ்சின்களின் உயர் அழுத்தப் பகுதியில் 1,000 பாருக்கு மேலும் அழுத்தம் எழும். எஞ்சின் ஓடுகையில் அக்குழாய்களைத் தளர்த்தலாகாது. கசிவைக் கையால் தடவலுமாகாது. பீறிடும் டீசல் தோலைத் துளைத்துவிடும். காயம் சிறிதாயினும் உடனே மருத்துவமனை செல்க.

கண்ட அளவுகளை வண்டிக் குறிப்பேட்டில் எழுதி வைப்போம். அடுத்த பழுதின்போது அவையே நமக்கு வழிகாட்டும்.