“ஒத்துக்காது டீச்சர்” என்று பிள்ளை சொன்னால்...

வியாழக்கிழமை மதிய உணவு முடிந்து கை கழுவி வந்த பிள்ளைகளுக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கும்போது, எல்லா வகுப்பிலும் கேட்கும் சொல் ஒன்று உண்டு: “எனக்கு ஒத்துக்காது டீச்சர்.” சத்துணவுக் கூடத்தில் முட்டை வைக்கும்போதும், சளிக்கு மருந்து வாங்கி வந்த பிள்ளையிடம் பேசும்போதும் இதே சொல் வருகிறது. சாக்குச் சொல்கிறான் என்று சில நேரம் கடந்துபோகிறோம். வம்பு எதற்கு என்று சில நேரம் விட்டுவிடுகிறோம். இந்த இரண்டுமே பிள்ளைக்கு நல்லதில்லை.

ஏனென்றால் “ஒத்துக்காது” என்ற ஒரே சொல்லுக்குள் குறைந்தது நான்கு பொருள்கள் இருக்கின்றன. ஒன்று, பிடிக்கவில்லை. இரண்டு, செரிக்கவில்லை. மூன்று, மருந்தின் பக்கவிளைவு. நான்கு, உண்மையான ஒவ்வாமை. முதல் மூன்றில் பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தில்லை. நான்காவதில் ஆபத்து வரலாம். எது என்று முடிவு செய்வது மருத்துவரின் வேலை. ஆனால் மருத்துவர் முடிவு செய்யத் தேவையான விவரத்தைக் கேட்டு எழுதிவைப்பது, நாள்தோறும் பிள்ளையைப் பார்க்கும் ஆசிரியரால் முடிகிற வேலை.

நான் பணியாற்றும் மண்ணூர்பேட்டை, அம்பத்தூர் தொழிற்பேட்டையை ஒட்டிய பகுதி. பெற்றோர் பலர் ஷிப்டு வேலைக்குப் போகிறவர்கள். காய்ச்சல் வந்தால் பக்கத்து மெடிக்கலில் சொல்லி இரண்டு மாத்திரை வாங்கிக் கொடுத்துவிட்டு வேலைக்கு ஓடவேண்டிய நிலை. பிள்ளைக்கு என்ன சேராது என்று பெற்றோருக்குத் தெரியும், ஆனால் மருந்தின் பெயர் தெரியாது. “ஏதோ வெள்ளை மாத்திரை, முகமெல்லாம் வீங்கிடுச்சு” என்பதோடு நின்றுவிடும். இந்த இடைவெளியைத்தான் நாம் நிரப்பவேண்டும்.

இரும்புச்சத்து குறைந்தால் வகுப்பில் தெரிவது

தேசியக் குடும்பநல ஆய்வின் 2019-21 சுற்றுப்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் சுமார் 53 விழுக்காட்டினருக்கும், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் சுமார் 57 விழுக்காட்டினருக்கும் இரத்தசோகை இருக்கிறது. அந்தக் குழந்தைகள்தான் பிறகு நம் ஒன்றாம் வகுப்புக்கு வருகிறார்கள். ஆண் பிள்ளைகளுக்கும் இது உண்டு என்பதை மறக்கக்கூடாது.

இரும்பு இல்லாமல் உடலால் ஹீமோகுளோபின் உருவாக்க முடியாது. ஹீமோகுளோபின் குறைந்தால் தசைக்கும் மூளைக்கும் போகும் ஆக்சிஜன் குறைகிறது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது, இறைவணக்கக் கூட்டத்தில் தலைசுற்றுவது, மூன்றாம் பாடவேளையிலேயே மேசையில் தலை சாய்ப்பது, கண்ணின் கீழிமையும் நகமும் வெளுத்திருப்பது எல்லாம் இதன் அடையாளங்கள். இன்னொன்றும் உண்டு. சாக்பீஸ், பல்பம், மண், பச்சரிசி ஆகியவற்றைத் தின்னும் பிள்ளையைத் திட்டுவதற்கு முன் இரத்தப் பரிசோதனைக்கு அனுப்புவோம். இரும்புச்சத்துக் குறைபாட்டில் இந்த ஆசை வருவதை மருத்துவர்கள் நன்கு அறிவார்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல்படி 5 முதல் 11 வயது வரை ஹீமோகுளோபின் 11.5 கிராமுக்கும், 12 முதல் 14 வயது வரை 12 கிராமுக்கும் குறைந்தால் இரத்தசோகை. இது 100 மி.லி. இரத்தத்தில் இருக்கவேண்டிய அளவு. எல்லா இரத்தசோகையும் இரும்புக் குறைவால் மட்டும் வருவதில்லை. குடற்புழு, பி12 குறைவு, தலசீமியா போன்ற பரம்பரை நோய்கள் ஆகியவையும் காரணமாகலாம். தலசீமியா உள்ள பிள்ளைக்கு மருத்துவர் சொல்லாமல் இரும்பு மாத்திரை கொடுக்கக்கூடாது. ஆகவே நல்ல நோக்கத்தோடு கொடுக்கும் மாத்திரைக்கும் முன்னால் ஒரு கேள்வி தேவைப்படுகிறது.

மாத்திரை நாளின் ஒழுங்கு

இரத்தசோகையில்லா இந்தியா திட்டத்தில் 5 முதல் 9 வயதுப் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு இளஞ்சிவப்பு மாத்திரை. அதில் 45 மி.கி. இரும்பும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உள்ளன. 10 முதல் 19 வயதினருக்கு வாரம் ஒரு நீல மாத்திரை. அதில் 60 மி.கி. இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உள்ளன. குடற்புழு நீக்கத்துக்கு ஆண்டுக்கு இருமுறை அல்பெண்டசோல்.

இரும்பு மாத்திரை போட்டால் சிலருக்குக் குமட்டலும் வயிற்றுவலியும் வரும். மலம் கறுத்துப் போகும். இவை பக்கவிளைவுகள், ஒவ்வாமை அல்ல. கறுத்த மலத்தைப் பார்த்துப் பயந்த அம்மா அடுத்த வாரம் “போடாதே” என்று சொல்லியனுப்புவார். இதை முன்கூட்டியே பெற்றோர் கூட்டத்தில் சொல்லிவிட்டால் பாதி மறுப்பு நின்றுவிடும். சாப்பிட்ட பிறகு கொடுத்தால் குமட்டல் குறையும். வெறும் வயிற்றோடு இருப்பவர், காய்ச்சலோடு இருப்பவர் ஆகியோருக்கு அன்று வேண்டாம். மாத்திரையோடு டீயோ பாலோ கூடாது. அவை இரும்பு உடலில் சேர்வதைக் குறைக்கும்.

ஒழுங்கு ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு துயர நிகழ்வு உண்டு. 2023 மார்ச்சில் உதகமண்டலத்தில் பள்ளி மாணவர்கள் சிலர் யார் அதிகம் சாப்பிடுவது என்று போட்டி போட்டு இரும்புச்சத்து மாத்திரைகளை விழுங்கினார்கள். 45 மாத்திரை வரை விழுங்கியதாகச் செய்திகள் கூறிய எட்டாம் வகுப்பு மாணவி, கோவையிலிருந்து மேல்சிகிச்சைக்காகச் சென்னைக்குக் கொண்டுவரப்படும் வழியில் இறந்துபோனார்.

45 மாத்திரை என்றால் 2,700 மி.கி. இரும்பு. உடல் எடையில் கிலோவுக்கு 60 மி.கி.யைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து என்பது மருத்துவக் கணக்கு. 40 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு 2,400 மி.கி. போதும். அதிக இரும்பு முதலில் வயிற்றையும் குடலையும் அரிக்கும். வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். பிறகு சில மணி நேரம் பிள்ளை தேறிவிட்டதுபோலத் தோன்றும். அதை நம்பி வீட்டில் வைத்திருக்கக்கூடாது. கல்லீரல் பழுதாவது அதற்குப் பிறகுதான் வெளியே தெரியும். எத்தனை மாத்திரை என்று உறுதியாகத் தெரியாவிட்டாலும், மிச்சமிருக்கும் அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு உடனே அரசு மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

எனவே மாத்திரை பூட்டிய அலமாரியில் இருக்கட்டும். சாவி ஆசிரியரிடம் இருக்கட்டும். வகுப்புத் தலைவனிடம் அட்டையைக் கொடுத்துப் பங்கிடச் சொல்ல வேண்டாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு மாத்திரையைக் கையில் கொடுத்து, நம் முன்னாலேயே தண்ணீரோடு விழுங்கச் செய்து, பெயருக்கு நேரே குறித்துவிட்டு அடுத்தவரை அழைப்போம். வீட்டுக்குக் கொடுத்தனுப்புவதும் வேண்டாம். “இது மிட்டாய் மாதிரிதான்” என்று ஆசை காட்டிக் கொடுப்பதும் வேண்டாம். இது மருந்து என்று சொல்லியே கொடுப்போம்.

செரிக்காததும் ஒவ்வாததும்

பாலில் உள்ள லாக்டோஸ் என்னும் சர்க்கரையைச் செரிக்க லாக்டேஸ் என்னும் நொதி தேவை. வளர வளர இது பலருக்குக் குறைந்துபோகும். நம் நாட்டிலும் இது பரவலாக இருக்கிறது. பால் குடித்த அரை மணி முதல் இரண்டு மணி நேரத்துக்குள் வயிறு உப்பும், வலிக்கும், வயிற்றுப்போக்கு வரும். இதுதான் உணவு செரிக்காமை. கொஞ்சமாகக் குடித்தால் ஒன்றும் ஆகாது. தயிரும் மோரும் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். உறைய வைக்கும் நுண்ணுயிரிகளே அந்தச் சர்க்கரையில் ஒரு பகுதியைத் தின்றுவிடுகின்றன.

ஒவ்வாமை வேறு. இங்கே உடலின் எதிர்ப்பாற்றலே ஒரு புரதத்தையோ மருந்தையோ எதிரியாக நினைத்துப் பாய்கிறது. முட்டை, பால், நிலக்கடலை, இறால், மீன் போன்றவை வழக்கமான காரணங்கள். சிறிதளவு போதும். பெரும்பாலும் சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தோலில் தடிப்பு, அரிப்பு, உதடு அல்லது கண் வீக்கம், வாந்தி, மூச்சிரைப்பு வரும். இப்படிப்பட்ட பிள்ளைக்கு “ஒரு வாய் சாப்பிட்டுப் பார்” என்று ஊட்டக்கூடாது. முட்டை சாப்பிடாதவர்களுக்குச் சத்துணவில் வாழைப்பழம் உண்டு. யாருக்கு முட்டை ஒவ்வாமை என்பது சத்துணவு அமைப்பாளருக்கும் சமையலருக்கும் எழுத்தில் தெரிந்திருக்கவேண்டும்.

மறுபக்கமும் கவனிக்கத்தக்கது. ஒருமுறை வயிறு வலித்ததற்காகப் பால், முட்டை, பருப்பு, கீரை என்று ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டே போகும் வீடுகள் உண்டு. தட்டில் சோறும் ரசமும் மட்டும் மிஞ்சும். அந்தப் பிள்ளைக்குத்தான் இரும்புச்சத்து குறைகிறது. இரும்பு மாத்திரையும் “ஒத்துக்காது” என்று நின்றுபோகிறது. ஆகவே எதை நிறுத்துவது என்பதை மருத்துவர் சொல்லட்டும். நிறுத்தியதற்கு மாற்று என்ன என்பதையும் அவரிடமே கேட்டு வரச் சொல்வோம்.

மருந்து ஒவ்வாமைக்கு ஒரு சீட்டு

பென்சிலின் வகை, சல்ஃபா வகை, இபுபுரூஃபன் போன்ற வலிநிவாரணிகள் ஆகியவற்றால் ஒவ்வாமை வருவது அதிகம். ஒரே மருந்து பல வணிகப் பெயர்களில் வருவது இங்கே சிக்கல். காம்பிஃப்ளாம் என்ற பெயரில் வருவதில் இபுபுரூஃபனும் பாராசிட்டமாலும் இருக்கின்றன. இபுபுரூஃபன் ஒவ்வாத பிள்ளைக்கு வணிகப் பெயரை மட்டும் பார்த்து மருந்து கொடுத்தால் ஆபத்து. எனவே அட்டையில் சிறிய எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைத்தான் எழுதிவைக்கவேண்டும். பெற்றோரிடம் நாம் சொல்லவேண்டியது எளிது: “மெடிக்கலில் வெட்டிக் கொடுத்தாலும் பெயர் இருக்கும் பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். ஏதாவது ஆனால் அந்த அட்டையைத் தூக்கிப் போடாமல் போனில் படம் எடுத்து வையுங்கள்.”

ஆண்டின் தொடக்கத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கு கேள்விகள்: எது சேரவில்லை? சாப்பிட்டு எவ்வளவு நேரத்தில் தொடங்கியது? உடம்பில் என்ன நடந்தது? மறுபடியும் அப்படி ஆனதா? பதிலை ஒரு சீட்டில் எழுதி, பெற்றோர் கையொப்பம் வாங்கி, வருகைப் பதிவேட்டோடு வைப்போம். மருத்துவர் உறுதி செய்த ஒவ்வாமை என்றால் பிள்ளையின் அடையாள அட்டையின் பின்புறத்திலும் எழுதுவோம். பள்ளிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழுவிடம் இந்தச் சீட்டுகளைக் காட்டினால், யாரை முதலில் பார்க்கவேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். வடமாநிலத்திலிருந்து வந்த குடும்பமாக இருந்தால், அதே மொழி பேசும் மூத்த மாணவரையோ பக்கத்து வீட்டாரையோ துணைக்கு வைத்துக் கேட்கலாம். உடல்நல விவரம் பிறர் முன் கேட்கப்படக்கூடாது. கேலிக்கு இடமாகிவிடும்.

வகுப்பில் ஒரு பிள்ளைக்குத் தடிப்போடு மூச்சுத்திணறலோ, குரல் கம்முவதோ, மயக்கமோ சேர்ந்தால் அது அவசரம். படுக்க வைத்துக் கால்களைச் சற்று உயர்த்துங்கள். மூச்சு விடச் சிரமப்பட்டால் உட்காரலாம். வாந்தி எடுத்தால் பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வையுங்கள். எழுப்பி நடக்க வைக்காதீர்கள். 108-ஐ அழைத்து “ஒவ்வாமை, மூச்சுத்திணறல்” என்று தெளிவாகச் சொல்லுங்கள். இதற்கு உயிர்காக்கும் மருந்து தொடைத் தசையில் போடும் அட்ரினலின் ஊசி. தடிப்பு மறைந்தாலும் மருத்துவமனைக்குப் போயே ஆகவேண்டும். சில மணி நேரம் கழித்து மீண்டும் வரலாம்.

பாடத்தோடு சேர்ப்பது

தொடக்க வகுப்புகளில் “நம் தட்டில் என்ன?” என்று ஒரு வாரப் பட்டியல் போடச் சொல்லலாம். சிவப்பாக இருப்பதால் பீட்ரூட் இரத்தம் ஊறச் செய்யும் என்று பிள்ளைகள் சொல்வார்கள். 100 கிராம் பீட்ரூட்டில் இரும்பு ஒரு மில்லிகிராமுக்கும் குறைவு. கேழ்வரகில் சுமார் 4.6 மி.கி., கம்பில் சுமார் 6.4 மி.கி. நிறத்தைப் பார்த்து முடிவு செய்யக்கூடாது என்பது அங்கேயே பாடமாகிவிடும். கீரையோடும் பயறோடும் எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா சேர்த்தால் இரும்பு கூடுதலாக உடலில் சேரும். அசைவம் உண்பவர்களுக்கு ஈரலும் சுவரொட்டியும் நல்லவை. ரேஷன் அரிசியில் கலந்திருக்கும் செறிவூட்டப்பட்ட அரிசியைப் “பிளாஸ்டிக் அரிசி” என்று பொறுக்கி எறியும் வீடுகள் உண்டு. ஒரு பிடி அரிசியை வகுப்பில் பரப்பிக் காட்டி, இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்துச் செய்த மணிகள் இவை என்று விளக்கலாம்.

உயர்நிலை வகுப்புகளில் இரத்த ஓட்டம், நொதி, நோய்த்தடுப்பு ஆகிய பாடங்களில் இதற்கு இடம் இருக்கிறது. ஒவ்வாமையின் கடும் வடிவத்தை 1902-இல் விளக்கிய பிரெஞ்சு அறிவியலாளர் சார்ல் ரிஷே அதற்காக 1913-இல் நோபல் பரிசு பெற்றார். மருந்து அட்டையைப் படிக்கும் பயிற்சியையும் கொடுக்கலாம். மருந்தின் பெயர், அளவு, காலாவதித் தேதி மூன்றையும் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். காலி அட்டைகளை மட்டும் பயன்படுத்துங்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளை வீட்டில் தன் பாட்டியின் மாத்திரையைப் படித்துச் சொல்லும் நிலைக்கு வந்துவிட்டால், மருந்துச் சீட்டு எழுதும் வேலையில் அவர்களே நமக்கு உதவியாளர்கள்.

இதற்குத் தனி நிதியோ தனிப் பாடவேளையோ தேவையில்லை. நாற்பது பிள்ளைகளுக்கு நாற்பது சீட்டு, பெற்றோர் கூட்டத்தில் அரை மணி நேரம், பூட்டிய ஒரு அலமாரி ஆகியவை போதும். அடுத்த வியாழக்கிழமை மாத்திரை டப்பாவைத் திறப்பதற்கு முன் அந்த நான்கு கேள்விகளைக் கேட்டுத் தொடங்கலாம்.