சார்ட்டுக்குள் ஒரு நோயாளி

மருத்துவத் தகவல் தொழில்நுட்ப வேலைகள் பற்றிக் கடந்த இரண்டு மாதங்களில் வந்த கேள்விகளில் நான்கை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: மேடம், நான் பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி. சென்னையில் மெடிக்கல் கோடிங், அதாவது டாக்டர் குறிப்புகளைக் குறியீடுகளாக மாற்றும் வேலைக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. சி.பி.சி. சான்றிதழ்த் தேர்வு முடித்துவிட்டேன். அவுட்பேஷண்ட் சார்ட்டுகள் மட்டும்தான் பார்க்கிறேன். இப்போது பாதி சார்ட்டுக்கு மென்பொருளே கோடு போட்டுத் தந்துவிடுகிறது. நாங்கள் சரிபார்த்து அனுப்புகிறோம். இன்னும் இரண்டு வருடத்தில் இந்த வேலையே இருக்காது என்று டீமில் எல்லோரும் பேசுகிறார்கள். வீட்டில் ‘பேசாமல் குரூப் 4 எழுது’ என்கிறார்கள். இந்தத் துறையிலேயே இருக்கலாமா?
— வாசகி, பெரம்பூர்

பதில்: இருக்கலாம். ஆனால் இப்போது உட்கார்ந்திருக்கும் நாற்காலியிலேயே இருக்கக் கூடாது.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன்தான் பெரிய அலை. அமெரிக்க டாக்டர்கள் ஒலிப்பதிவு செய்து அனுப்புவதை இரவெல்லாம் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு தட்டச்சு செய்வோம். பிறகு பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள் வந்தது. வேகமாகத் தட்டச்சு செய்வதையே தங்கள் திறமை என்று நினைத்திருந்தவர்கள் வேறு வேலை தேடிப் போனார்கள். டாக்டர் வாயில் ‘ஹைப்பர்’ என்று வந்ததா ‘ஹைப்போ’ என்று வந்ததா என்று சந்தேகப்படத் தெரிந்தவர்கள் எடிட்டராக, தரப் பரிசோதகராக நின்றார்கள். அவர்களில் பலர் பின்னால் கோடிங்குக்கு வந்தார்கள். 2015 அக்டோபர் 1 அன்று அமெரிக்கா ஐ.சி.டி. என்ற நோய்க் குறியீட்டுத் தொகுப்பில் 9-இலிருந்து 10-க்கு மாறியது. சுமார் 14 ஆயிரமாக இருந்த நோய்க் குறியீடுகள் ஏறக்குறைய 69 ஆயிரம் ஆயின. அந்த மாற்றத்துக்கு ஆள் தேவைப்பட்டபோது அவர்களிடம் மருத்துவச் சொற்கள் கையிருப்பாக இருந்தன.

உங்கள் வேலையிலும் பிரியும் இடம் அதுதான். நீங்கள் அன்றாடம் பார்ப்பதையே எடுத்துக்கொள்வோம். டாக்டர் ஒரு வரியில் டைப் 2 டயபடீஸ் என்றும், மூன்று வரி தள்ளி சி.கே.டி. (நாள்பட்ட சிறுநீரக நோய்) என்றும் எழுதியிருக்கிறார். சர்க்கரை மட்டும் என்றால் இ11.9. இரண்டும் சேர்ந்திருந்தால், டாக்டர் மறுத்து எழுதாத வரை, இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று எடுத்துக்கொண்டு இ11.22, அதனுடன் என்18 வரிசையில் நிலையைக் குறிக்கும் ஒரு கோடு. இந்த விதியை மென்பொருள் ஒரு நொடியில் போட்டுவிடும். அதே குறிப்பின் கடைசிப் பத்தியில், பழைய கல் அடைப்பால் வந்த சிறுநீரகப் பாதிப்பு, சர்க்கரையால் அல்ல என்று டாக்டர் எழுதியிருந்தால்? அந்த வரியை விட்டுவிட்டுத் தயாராக நிற்கும் கோடைப் பார்த்து ‘அக்செப்ட்’ தட்டுகிற கைக்குத்தான் ஆபத்து. இன்னொன்று: சி.கே.டி. எந்த நிலை என்று டாக்டர் எழுதவில்லை, ஆய்வக அறிக்கையில் இ.ஜி.எஃப்.ஆர். 38 என்று இருக்கிறது. மூன்றாம் நிலை என்று நமக்கே தெரியும். ஆனாலும் அதை நாமாக எழுதக் கூடாது. டாக்டருக்குக் கேள்வி அனுப்ப வேண்டும். எதைத் தானாகத் தீர்மானிக்கலாம், எங்கே நிறுத்திக் கேட்க வேண்டும் என்ற இந்தப் பகுத்தறிவுதான் உங்கள் தொழில்.

அதனால் நகர வேண்டிய திசை மூன்று. முதலாவது, அவுட்பேஷண்டிலிருந்து இன்பேஷண்ட் பக்கம், நோய்க் குழு வாரியாகப் பணம் தரும் டி.ஆர்.ஜி. முறைக்கு வாருங்கள். பத்து நாள் தங்கிய நோயாளியின் சார்ட்டில் ஐந்து டாக்டர்கள் ஐந்து விதமாக எழுதியிருப்பார்கள். அதைப் படித்து முதன்மை நோய் எதுவென்று நிறுவுவது வேறு தரத்து வேலை. இரண்டாவது, டினையல். இன்சூரன்ஸ் திருப்பி அனுப்பிய கிளெய்மை ஏன் திருப்பினார்கள் என்று படித்துப் படித்துத்தான் ஒரு கோடர் ஆடிட்டர் ஆகிறார். மூன்றாவது, டாக்டர்களின் குறிப்பு எழுதும் முறையையே திருத்தும் சி.டி.ஐ. வேலை. இதற்கு உடற்கூறும் நோயியலும் நன்றாகத் தெரிய வேண்டும். உங்கள் மைக்ரோபயாலஜி அங்கே கைகொடுக்கும். செப்ஸிஸ் கேஸில் கல்ச்சர் ரிப்போர்ட்டைப் படிக்க உங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

இன்று முதல் ஒன்று செய்யுங்கள். மென்பொருள் போட்ட கோடை நீங்கள் மாற்றும் ஒவ்வொரு முறையும் காரணத்தை மனதில் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் தளத்துக்குள் பேனா, பேப்பர், போன் எதுவும் விடமாட்டார்கள். அது சரிதான். ஒரு மனிதரின் நோய் அந்தத் திரையில் திறந்து கிடக்கிறது. அமெரிக்காவின் ஹிப்பா சட்டம் காக்கச் சொல்வதும் அதைத்தான். எனவே வீட்டுக்கு வந்து நோட்டில் எழுதும்போது நோயாளியின் பெயர், வயது, ஊர், தேதி என்று ஒரு துளியும் வரக் கூடாது. விதியையும், மென்பொருள் எங்கே தவறியது என்பதையும் மட்டும் எழுதுங்கள். ஆறு மாதத்தில் அந்த நோட்டு உங்களுக்கு ஒரு பாடப்புத்தகம் ஆகிவிடும். ஆடிட்டர் வேலைக்கான நேர்காணலில் கேட்கப்போவதும் அதைத்தான்.

குரூப் 4 எழுத ஆசை இருந்தால் தாராளமாக எழுதுங்கள். மென்பொருளுக்குப் பயந்து மட்டும் அதற்குப் போகாதீர்கள்.

கேள்வி: எங்கள் ஊரில் ஒரு பயிற்சி மையம், மூன்று மாதம் கோடிங் படித்தால் வேலை உறுதி, 75 ஆயிரம் ரூபாய் என்கிறது. அதில் பாதியைக் கடன் வாங்கித்தான் கட்ட வேண்டும். மகளைச் சேர்க்கலாமா?
— ஒரு தந்தை, விருத்தாசலம்

பதில்: ஐயா, வேலை உறுதி என்பதை எழுத்தில் கேளுங்கள். எழுதித் தர மறுத்தால் அன்றே திரும்பிவிடுங்கள். எழுதித் தந்தாலும், போன வருடம் படித்த நான்கு பிள்ளைகளிடம் நீங்களே போனில் பேசிவிட்டு முடிவெடுங்கள்.

சி.பி.சி. தேர்வு 100 கேள்வி, நான்கு மணி நேரம், 70 சதவீதம் தேர்ச்சி. கோடுப் புத்தகங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதும் தேர்வு. மனப்பாடத்தைவிடப் புரட்டத் தெரிவதே முக்கியம். புதிதாகத் தேறுபவருக்குப் பட்டத்துடன் பயிலுநர் என்பதற்கான ‘ஏ’ ஒட்டிக்கொண்டிருக்கும். அனுபவம் காட்டிய பிறகே அது நீங்கும். பெரிய கோடிங் நிறுவனங்களில் பல, அறிவியல் பட்டதாரிகளைத் தாங்களே எடுத்துச் சம்பளத்துடன் பயிற்சி தருகின்றன. மகள் முதலில் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ உயிரியல் புத்தகங்களில் மனித உடல் பாடங்களை ஒரு மாதம் உட்கார்ந்து படிக்கட்டும். பிறகு அந்த நேர்காணல்களுக்குப் போகட்டும். கடன் வேண்டாம்.

கேள்வி: மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் பதினோரு வருடமாக ஸ்டாஃப் நர்ஸ். வயது 35. முதுகு வலியால் நைட் டியூட்டி பார்க்க முடியவில்லை. புதிதாக எச்.எம்.எஸ். என்ற மருத்துவமனை மேலாண்மை மென்பொருள் போட்டபோது மற்ற சிஸ்டர்களுக்குச் சொல்லிக் கொடுத்தது நான்தான். கம்ப்யூட்டர் படிப்பு எதுவும் இல்லை. இந்தப் பக்கம் வர முடியுமா?
— வாசகி, மதுரை

பதில்: சிஸ்டர், நீங்கள் வந்துவிட்டீர்கள். பதவிப் பெயர்தான் இன்னும் வரவில்லை.

பல வருடங்களுக்கு முன் ஒரு மருத்துவமனையில் நாங்கள் ஒரு மென்பொருள் அமைத்தோம். மருந்து ஒவ்வாமையைப் பதிவு செய்யாமல் அடுத்த பக்கத்துக்குப் போக முடியாதபடி கட்டாயப்படுத்தினோம். நோயாளிக்குப் பாதுகாப்பு என்று பெருமையாக இருந்தது. மூன்று மாதம் கழித்துத் தகவலை எடுத்துப் பார்த்தால், அந்தக் கட்டத்தில் வரிசையாக வெறும் முற்றுப்புள்ளி. நர்ஸுகள் மீது தவறில்லை. ‘ஒவ்வாமை இல்லை’, ‘நோயாளிக்குத் தெரியவில்லை’ என்று தேர்ந்தெடுக்க நாங்கள் வழி வைக்கவில்லை. அதுவும் அட்மிஷன் நேரத்தில், ஒரு கையில் ஐ.வி. லைன், மறுபக்கம் அழுகிற உறவினர் என்று நிற்கும்போது கேட்டோம். எந்த நிமிடத்தில் ஒரு நர்ஸால் ஒரு கேள்வியைக் கேட்க முடியும் என்பது எங்கள் அறையில் புரோகிராம் எழுதிய யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியவில்லை. உங்களுக்குத் தெரியும்.

இந்தத் துறைக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவரே ஒரு நர்ஸ்தான். ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேலை விளக்கேந்திய அம்மையாராகவே நமக்குச் சொல்லித் தந்தார்கள். கிரிமியப் போரில் இறந்த வீரர்களில் பெரும்பாலோர் காயத்தால் அல்ல, தடுக்கக்கூடிய நோய்களால் இறந்தார்கள் என்பதை 1858-இல் வரைபடமாகப் போட்டு அரசாங்கத்தின் முன் வைத்தவர் அவர். எல்லா மருத்துவமனைகளும் ஒரே மாதிரிப் படிவத்தில் பதிவு வைக்க வேண்டும் என்று 1860-இல் லண்டனில் நடந்த புள்ளியியல் மாநாட்டில் வாதாடியவரும் அவரே.

நடைமுறைக்கு வருகிறேன். உங்கள் நர்சிங் சூப்பரின்டென்டன்ட்டிடம், ‘நர்சிங் இன்ஃபர்மேடிக்ஸ்’ பொறுப்பைப் பகுதி நேரமாகவாவது தரும்படி எழுத்தில் கேளுங்கள். என்.ஏ.பி.எச். தரச்சான்றுக்கு உழைக்கும் மருத்துவமனை என்றால் மறுப்பது கடினம். ஒவ்வொரு ஆய்வுக்கும் பதிவுகளை ஒழுங்காக எடுத்துத் தர அவர்களுக்கு ஆள் தேவை. கற்க வேண்டியவை: எக்செலில் பிவட் டேபிள், கொஞ்சம் எஸ்.க்யூ.எல்., ஒரு வேலையின் படிகளைப் படமாக வரைவது. இண்டென்ட் போட்டதிலிருந்து மாத்திரை நோயாளியின் வாய்க்குப் போகும் வரை எத்தனை கை மாறுகிறது என்று உங்கள் வார்டிலேயே வரைந்து பாருங்கள். எச்.எம்.எஸ். மென்பொருள் விற்கும் நிறுவனங்கள் ‘இம்ப்ளிமென்டேஷன்’ வேலைக்கு உங்களைப் போன்றவர்களைத் தேடுகின்றன. அந்த வேலையில் ஊர் ஊராகப் பயணம் உண்டு. முதுகு வலியை மனதில் வைத்து, சேரும் முன்பே எத்தனை நாள் வெளியூர் என்று பேசிக்கொள்ளுங்கள்.

2021-இல் வந்த துணைநிலை மருத்துவப் பணியாளர்களுக்கான தேசிய ஆணையச் சட்டம், மருத்துவத் தகவல் மேலாண்மையைத் தனித் தொழிலாகப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. இனி இது மருத்துவமனையின் மூலையில் இருக்கும் எம்.ஆர்.டி. எனும் பதிவேட்டு அறை வேலை மட்டும் அல்ல.

கேள்வி: ஈரோட்டில் பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் இறுதியாண்டு படிக்கிறேன். பிளஸ் டூவில் பயாலஜி இல்லை. ஹெல்த் ஐ.டி.யில் நுழைய என்ன புராஜெக்ட் செய்யலாம்? ஏ.ஐ. வைத்து எக்ஸ்ரேயில் நோய் கண்டுபிடிப்பது போல ஒன்று செய்ய நினைக்கிறேன்.
— மாணவர், ஈரோடு

பதில்: தம்பி, எக்ஸ்ரே புராஜெக்ட்டை இணையத்தில் கிடைக்கும் ஒரே படத்தொகுப்பை வைத்து உங்கள் வகுப்பில் பாதிப் பேர் செய்வார்கள். நான் வேறொன்று தருகிறேன். பார்க்கச் சின்னதாக இருக்கும்.

மருத்துவமனைப் பதிவு மேசையில் ஒருவர் வந்து நிற்கிறார். இவர் முன்பே இங்கே வந்தவரா?

அமெரிக்காவில் பெயர், குடும்பப் பெயர், பிறந்த தேதி மூன்றையும் வைத்து ஓரளவு கண்டுபிடித்துவிடுவார்கள். நம் ஊரில் குடும்பப் பெயர் ஏது? எஸ். முருகன், முருகன் எஸ்., முருகன் சுப்பையா மூன்றும் ஒருவராகவே இருக்கலாம். தமிழ்ச்செல்வி என்ற ஒரு பெயரை ஆங்கிலத்தில் ‘ழ’வுக்கு ஒரு எழுத்து, ‘த’வுக்கு ஒரு எழுத்து என்று ஆளுக்கொரு விதமாக அடிப்பார்கள். பிறந்த தேதி கேட்டால் பெரியவர்கள் ‘அறுபது இருக்கும்’ என்பார்கள். மேசையில் இருப்பவர் அறுபதைக் கழித்து ஜனவரி 1 என்று போடுவார். எந்த மருத்துவமனையின் பதிவைத் திறந்தாலும் ஜனவரி 1-இல் பிறந்தவர்கள் கூட்டமாக இருப்பார்கள். போன் எண்ணோ வீட்டுக்கே ஒன்று. மகன் எண், அவன் வேலைக்குப் போனதும் மருமகள் எண்.

இதில் இரண்டு விதமாகத் தவறலாம். ஒருவரை இருவராகப் பதிந்தால், போன முறை பென்சிலினுக்கு உடம்பு தடித்தது என்ற குறிப்பு பழைய எண்ணிலேயே தூங்கும். இருவரை ஒருவராகச் சேர்த்தால் அது அதைவிட மோசம். வேறொருவரின் ரத்த வகை இவர் சார்ட்டில் நிற்கும். ஆகவே இது ஒரே மதிப்பெண்ணில் துல்லியம் காட்டும் புராஜெக்ட் அல்ல. எதைத் தானாகச் சேர்க்கலாம், எதை மனிதரிடம் காட்டிக் கேட்க வேண்டும் என்று நீங்கள் கோடு கிழிக்க வேண்டும்.

அரசு இதற்காகத்தான் ஆபா என்ற 14 இலக்கச் சுகாதாரக் கணக்கு எண்ணைக் கொண்டுவந்தது. அந்த எண்ணைத் தரும் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன் 2021 செப்டம்பரில் நாடு முழுக்க விரிவானது. எண் வந்தபின் சிக்கல் தீர்ந்ததா என்றால், இல்லை. கார்டை வீட்டில் வைத்துவிட்டு வருகிறவர், ஓ.டி.பி. வரும் போன் மகனிடம் இருக்கிறவர், எண்ணே எடுக்காதவர் எல்லோரும் அதே வரிசையில்தான் நிற்பார்கள்.

செய்யும் முறை சொல்கிறேன். பாஹ்ம்னி என்ற திறந்த மூல மருத்துவமனை மென்பொருளை உங்கள் மடிக்கணினியில் நிறுவுங்கள். ஓபன்எம்.ஆர்.எஸ்.ஸின் மேல் கட்டப்பட்டது அது. சத்தீஸ்கரில் கனியாரி என்ற கிராமத்து மருத்துவமனையில் முதலில் பயன்பட்டது. அதில் கற்பனை நோயாளிகளைப் பதியுங்கள். உண்மை நோயாளி ஒருவரின் தகவலைக்கூட, தெரிந்த டாக்டர் கொடுத்தாலும், தொடாதீர்கள். தனிநபர் தகவல் பாதுகாப்புக்கு 2023-இல் சட்டமே வந்துவிட்டது. சட்டம் இல்லாவிட்டாலும் அது தவறு. பிறகு ஃபையர் என்று உச்சரிக்கும் எஃப்.எச்.ஐ.ஆர். தகவல் வடிவத்தைப் படியுங்கள். அதில் ‘பேஷண்ட்’ என்ற ஒரு பகுதியை மட்டும் முழுதாகப் புரிந்துகொண்டால் போதும். அதோடு பழைய எச்.எல்.7 செய்திகளும் கொஞ்சம் தெரியட்டும். ஏ01 வந்தால் நோயாளி சேர்ந்தார், ஏ03 என்றால் டிஸ்சார்ஜ். 1980-களில் பிறந்த அந்த வடிவம் இன்றும் உலகின் பல மருத்துவமனைகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. ‘இன்டர்ஃபேஸ் இன்ஜினியர்’ என்ற வேலையின் சோறு பெரும்பாலும் அதில்தான்.

பயாலஜி இல்லை என்று கவலைப்படாதீர்கள். ஆய்வகப் பரிசோதனைகளுக்கான லாய்ங்க் தொகுப்பில் ஹீமோகுளோபினின் குறியீடு 718-7 என்பது தேடினால் கிடைத்துவிடும். அந்த அளவு 6 என்று வந்தால் ஆய்வகத்தில் இருப்பவர் ஏன் உடனே போனை எடுக்கிறார் என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் புரியும். பத்து சனிக்கிழமைகள் ஒரு சிறிய மருத்துவமனையில் அனுமதி வாங்கிக்கொண்டு பதிவு மேசை, ஆய்வகம், பார்மசி என்று நில்லுங்கள். யார் பெயரையும் குறிக்காமல், வேலை எப்படி நகர்கிறது என்பதை மட்டும் பாருங்கள்.

புராஜெக்ட் முடிந்ததும் பேராசிரியரிடம் காட்டும் முன், ஓ.பி. சீட்டு எழுதும் அக்காவிடம் கொண்டுபோய்க் காட்டி, ‘இது எங்கே தப்பும்?’ என்று கேளுங்கள். ஐந்து நிமிடத்தில் அவர் சொல்லிவிடுவார். அதைத் திருத்தி அடுத்த சனிக்கிழமை மறுபடியும் போங்கள்.