பாட்டுப் பட்டியலும் மளிகைப் பட்டியலும்

வணிக நண்பர்களே, 1980களிலும் 1990களிலும் நம் கடைவீதிகளில் மளிகைக்கும் ஜவுளிக்கும் நடுவே ஒரு கேசட் கடை இருந்தது. அந்தக் கடைகளை நினைத்து ஏங்குவோர் இன்றும் உண்டு. ஏக்கம் ஒருபுறம் இருக்கட்டும். அந்த வியாபாரம் நடந்த விதத்தில் நமக்குப் பாடம் இருக்கிறது.

பிலிப்ஸ் நிறுவனம் 1963-ல் அறிமுகப்படுத்திய சரக்கு அது. 60 நிமிடக் கேசட்டில் பக்கத்துக்கு 30 நிமிடம்; இருபுறமும் சேர்த்து ஏறக்குறைய 12 சினிமாப் பாட்டு பிடிக்கும். வாடிக்கையாளர் வேண்டிய பாட்டுகளைத் துண்டுச் சீட்டில் எழுதி வருவார். கடைக்காரர் படித்துப் பார்த்து, "இது ஏழு நிமிஷம் ஓடும் சார், இதுக்குப் பதிலா வேற போடலாம்" என்பார். பக்கம் முடியுமிடத்தில் பாட்டு பாதியில் அறுந்தால் அந்த ஆள் மறுபடி வரமாட்டார். ஆகவே, மிச்சமுள்ள மூன்று நிமிடத்துக்குப் பொருந்தும் சின்னப் பாட்டு எது என்பது கடைக்காரருக்கு மனப்பாடம். இசைத்தட்டு ஓடும் வேகத்தில்தான் பதிவும் ஆகும். ஒரு மணி நேரக் கேசட்டுக்கு ஒரு மணி நேரம். முன்பணம் வாங்கிக்கொண்டு "நாளை மறுநாள் வாங்க" என்பார். ஒரே விற்பனைக்கு வாடிக்கையாளர் இரண்டு முறை கடையேறினார்! வெற்று நாடா எந்தக் கடையிலும் கிடைக்கும். இவருக்குக் கிடைத்த காசு அவருடைய ஞாபகத்துக்கு.

(உரிமையாளர் அனுமதியின்றிப் பதிந்து விற்பது 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி குற்றம். அதை நாம் சரி என்று சொல்லவில்லை.)

வடக்கே 1983-ல் தொடங்கிய டி-சீரிஸ் விலையைக் குறைத்து, மளிகைக்கடை, பெட்டிக்கடை வரை கேசட்டைக் கொண்டு சேர்த்தது. பிறகு குறுந்தகடு வந்தது, எம்பி3 வந்தது, கைபேசி வந்தது. மும்பையில் பேர்பெற்ற ரிதம் ஹவுஸ் கூட 2016-ல் மூடப்பட்டது.

நம் சரக்குக்கு அந்த கதி வராது. துவரம்பருப்பு நாளையும் விற்கும். ஆனால் கேசட் கடையை விட்டுப் போனது சரக்கு மட்டுமல்ல, பட்டியலும்தான். நேற்று கேட்ட பாட்டை வைத்து இன்று எதைக் கேட்கலாம் என்று இப்போது கைபேசிச் செயலி சொல்கிறது. மளிகை விற்கும் செயலிகளும் போன மாதம் வாங்கியதை நினைவில் வைத்திருக்கின்றன. நாமோ மாதச் சாமான் சீட்டைக் கட்டிக் கொடுத்த கையோடு கசக்கி எறிகிறோம்.

ஒரு நோட்டுப் போடுவோம். வீட்டுக்கு ஒரு பக்கம். எந்த அரிசி, எத்தனை கிலோ, எந்தக் கம்பெனி எண்ணெய், எப்போது வாங்கினார்கள் என்று குறித்து வைப்போம். மாதக் கடைசியில் போன் போட்டு, "அம்மா, போன மாசம் உளுந்து ரெண்டு கிலோ போச்சு, இந்த மாசமும் அதே போதுமா?" என்று கேட்போம். மொத்தக் கடைக்குக் கிளம்புமுன் அந்தப் பக்கங்களைக் கூட்டிப் பார்த்தால், எத்தனை மூட்டை உளுந்து எடுப்பது என்பதும் தெரிந்துவிடும்.