பஸ் போகாத காடு

கோவையிலிருந்து ஆனைகட்டிக்குப் பஸ்ஸில் போகலாம். ஆனைகட்டியில் தமிழ்நாடு முடிகிறது. கேரளத்தின் பாலக்காடு மாவட்டம் தொடங்குகிறது. அந்தப் பகுதிக்கு அட்டப்பாடி என்று பெயர். அட்டப்பாடியைத் தாண்டினால் ஒரு பெரிய காடு. அதுதான் அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்கா.

இந்தக் காட்டில் குந்திப்புழை ஆறு ஓடுகிறது. அந்த ஆற்றில் அணை கட்ட முன்பு திட்டம் போட்டார்கள். கட்டியிருந்தால் காட்டின் ஒரு பகுதி நீரில் மூழ்கியிருக்கும். சிங்கவால் குரங்குகள் வாழ இடம் குறைந்திருக்கும். மக்கள் எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். 1983-இல் திட்டம் கைவிடப்பட்டது. 1984-இல் காடு தேசியப் பூங்கா ஆனது.

இந்தக் காட்டுக்குள் எப்படிப் போவது? ஆனைகட்டியில் ஓர் அம்மா, ஜீப் ஓட்டுநரிடம் கேட்கிறார்.

"ஏனுங்க தம்பி, சைரந்திரிக்குப் பஸ் இருக்குங்களா?"

"இல்லைங்கம்மா. மண்ணார்க்காடு பஸ்ஸில் ஏறி முக்காலியில் இறங்குங்க. நாம உட்காருகிற முக்காலிதான் ஊர் பேரு. மறக்காது."

"அங்கிருந்து நடந்து போயிடலாமுங்களா?"

"23 கிலோமீட்டருங்கம்மா. யானை நடமாடுற வழி. நடக்க விடமாட்டாங்க. சொந்த வண்டியும் போக முடியாது. வனத்துறை ஆபீசில் சீட்டு வாங்கி, அவங்க அனுமதித்த வண்டியில்தான் போகணும். வழிகாட்டியும் கூட வருவார்."

சைரந்திரியில் உயரமான கோபுரம் இருக்கிறது. அதில் ஏறினால் சுற்றிலும் காடு பச்சையாகத் தெரியும்.

ஆனைகட்டியைத் தாண்டினால் பெயர்ப் பலகைகளில் மலையாள எழுத்தே அதிகம். தமிழ் படித்தவருக்கும் அது புதிய எழுத்துதான். வெட்கப்பட வேண்டாம். ஊர்ப் பெயர்களைத் தமிழில் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வாசித்துக் காட்டிக் கேளுங்கள். அட்டப்பாடியில் தமிழ் தெரிந்தவர்கள் பலர் உண்டு. எண்கள் இரண்டு மாநிலத்திலும் ஒன்றுதான். கட்டணமும் நேரமும் நீங்களே படிக்கலாம்.

புறப்படும் முன் செய்ய வேண்டியவை:

1. இடம் இருக்கிறதா, கட்டணம் எவ்வளவு என்று முன்னதாகவே விசாரியுங்கள்.
2. திரும்பி வரக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று குறித்துக்கொள்ளுங்கள். இருட்டிய பின் காட்டுச் சாலையில் நடக்காதீர்கள்.
3. குடிதண்ணீர் எடுத்துச் செல்லுங்கள். மழைக்காலத்தில் அட்டை கடிக்கும். கொஞ்சம் உப்பும் வையுங்கள்.
4. காட்டில் செல்போனை நம்ப முடியாது. வழிகாட்டியை விட்டுப் பிரியாதீர்கள்.

பஸ் இல்லாதது நமக்குச் சிரமம்தான். ஆனால் கூட்டமும் சத்தமும் குறைந்தால் குரங்குக்கும் யானைக்கும் நிம்மதி. அது அவற்றின் வீடு. நாம் விருந்தாளிகள்.

பயிற்சி

1. சைரந்திரிக்குப் போக எந்த ஊரில் இறங்க வேண்டும்?
2. போக 23 கிலோமீட்டர், வர 23 கிலோமீட்டர். மொத்தம் எவ்வளவு? மணிக்கு 4 கிலோமீட்டர் நடந்தால் எத்தனை மணி நேரம் ஆகும்?
3. உங்கள் ஊரிலிருந்து ஆனைகட்டிக்குப் போகும் வழியை எழுதுங்கள்.