சிமிட்டி முற்றத்திற்கேற்ற மேற்பூச்சு

சங்கக் கிடங்கின் முன்னுள்ள சிமிட்டி முற்றமும் பாவுகற்களும் மழையில் நனைந்தாற்போல் கருமை பெறவேண்டும், ஆயின் பளபளப்புக் கூடாது என்று அங்கத்தினர் சிலர் விரும்புகின்றனர். விருப்பம் தக்கதே. வழவழப்பான தரையில் மூட்டை சுமப்பவர் கால் வழுக்கினால் நஷ்டம் நெல்லோடு நில்லாது.

பூச்சுக்கள் இருவகைப்படும். அக்ரிலிக் முதலியன பாலேடுபோல் மேலே படிந்து நிறத்தைக் கருக்கச் செய்யும். பெரும்பாலும் பளபளப்பும் தரும். சிலேன், சிலாக்ஸேன் என்பன உள்ளே ஊறி நீரைத் தடுக்கும். ஆனால் அநேகமாக நிறத்தை மாற்றா. ஆதலின் ஊறும் வகையிலேயே நிறத்தைக் கருக்கச் செய்யும் சரக்குச் சேர்ந்ததைக் கேட்டு வாங்குக. டின்னின்மேல் ‘நனைந்த தோற்றம்’ என்றிருப்பது போதாது. ‘பளபளப்பற்றது’ என்றும் இருத்தல்வேண்டும்.

ஒரு சங்கத்தார் மழைவிட்ட மறுநாளே ஏடுபடியும் பூச்சைத் தடிப்பாகப் பூசினர். அடியில் சிக்கிய ஈரத்தால் அது வெளுத்துப் பொரிந்தது. சுரண்டியெடுத்த கூலி பூச்சின் விலையை மிஞ்சிற்று.

புதுச் சிமிட்டியாயின் 28 நாள் பொறுக்க. பழைய தரையாயின் நன்கு காய்ந்தபின் சில துளி நீர் விடுக; நீரை உறிஞ்சாத தரையில் பூச்சும் இறங்காது. முதலில் சிறு டின் வாங்கி, மூலையில் ஒரு முழம் பூசி, காய்ந்தபின் நீர் தெளித்து நடந்து பார்த்தே எஞ்சியதை வாங்குக. நெல் உலர்த்தும் களத்திற்கு இவற்றுள் எதுவும் வேண்டா.