பழைய கணக்கும் மெடிக்கல் சீட்டும்

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில், மருத்துவப் படிப்புக்கு விண்ணப்பிக்கும் மாணவர்களுக்கு வழிகாட்டுவது என் வேலை. எம்கேட் நுழைவுத் தேர்வு மதிப்பெண், பரிந்துரைக் கடிதம், நேர்முகத் தேர்வு பற்றியெல்லாம் பிள்ளைகள் என் அறைக்கே வந்து கேட்பார்கள். பேக்ரவுண்ட் செக் என்ற பின்னணிச் சரிபார்ப்பு பற்றிய கேள்வி மட்டும் பெற்றோரிடமிருந்து வரும். அதுவும் தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவில், சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது வரும். ஒரு அப்பா பக்கத்தில் வந்து நின்று குரலைத் தாழ்த்துவார். "பையனுக்குச் சின்னதா ஒண்ணு நடந்துபோச்சு மேடம். அதைப் போய் எழுதணுமா?"

அந்தச் 'சின்னதா ஒண்ணு' பெரும்பாலும் உண்மையிலேயே சின்ன விஷயம்தான். விடுதி அறையில் பீர் பாட்டில், பரிசோதனைக்கூட அறிக்கையை நண்பனிடம் வாங்கிக் காப்பியடித்தது, நெடுஞ்சாலையில் வேகமாகப் போய்ப் போலீஸிடம் மாட்டியது. இவற்றால் மட்டும் சீட்டு பறிபோன பிள்ளையை நான் பார்த்ததில்லை. விண்ணப்பத்தில் எழுதியது ஒன்றாகவும் பதிவேட்டில் இருப்பது வேறொன்றாகவும் இருந்து தவித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இந்தச் சரிபார்ப்பின் சூட்சுமம் அவ்வளவுதான். நீங்கள் சொன்னதும் பதிவேடு சொல்வதும் ஒத்துப்போக வேண்டும்.

எப்போது, எதைப் பார்க்கிறார்கள்?

இங்கே பெரும்பாலான எம்.டி. கல்லூரிகளுக்கு ஆம்காஸ் என்ற பொது விண்ணப்பம் இருக்கிறது. அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கமான ஏ.ஏ.எம்.சி. அதை நடத்துகிறது. டெக்சாஸ் அரசுக் கல்லூரிகளுக்கும், டி.ஓ. பட்டம் தரும் ஆஸ்டியோபதிக் கல்லூரிகளுக்கும் தனித்தனி விண்ணப்பங்கள் உண்டு. விண்ணப்பிக்கும்போதே உங்கள் குற்றப் பின்னணியை யாரும் தோண்டுவதில்லை. கல்லூரி 'சீட்டு தருகிறோம்' என்று சொன்ன பிறகுதான் வேலை ஆரம்பிக்கும். அந்தச் சீட்டு நிபந்தனைக்கு உட்பட்டது என்று கடிதத்திலேயே இருக்கும். உறவினர்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொல்கிற மகிழ்ச்சியில் அந்த வரியை யாரும் படிப்பதில்லை.

ஏ.ஏ.எம்.சி. பல ஆண்டுகளாக இந்த வேலையைச் செர்டிஃபை ஸ்கிரீனிங் என்ற நிறுவனத்தின் வழியாகச் செய்துவருகிறது. அங்கிருந்து மின்னஞ்சல் வரும். அது ஸ்பாமில் போய் விழுவது வழக்கம் என்பதால் அங்கேயும் பாருங்கள். சம்மதம் கொடுத்ததும், உங்கள் சோஷியல் செக்யூரிட்டி எண்ணை வைத்து நீங்கள் இதுவரை பயன்படுத்திய பெயர்களையும் குடியிருந்த முகவரிகளையும் திரட்டுவார்கள். அந்தந்த கவுண்டி, மாநில, மத்திய நீதிமன்றப் பதிவுகள், பாலியல் குற்றவாளிகள் பட்டியல் எல்லாம் பார்க்கப்படும். மெடிகேர், மெடிகெய்டு திட்டங்களிலிருந்து விலக்கப்பட்டவர்களின் மத்திய அரசுப் பட்டியலிலும் உங்கள் பெயர் இருக்கிறதா என்று தேடுவார்கள். வெளிநாட்டில் வாழ்ந்திருந்தால் அதற்கும் தேடல் உண்டு, ஆனால் அது மெதுவாக நகரும். சில கல்லூரிகள் இதோடு நிற்காமல் கைரேகையும் எடுக்கும். இல்லினாய் மாநிலத்தில் மருத்துவ மாணவர்களுக்குக் குற்றப் பின்னணிச் சோதனை வேண்டும் என்று சட்டமே இருக்கிறது.

அப்பாவின் கிரெடிட் ஸ்கோர், அம்மாவின் விசா நிலை, ஊரில் சித்தப்பா மேல் இருக்கும் நிலத் தகராறு வழக்கு ஆகிய எதுவும் இதில் வராது. இந்தக் கவலைகளோடும் என்னிடம் வந்தவர்கள் உண்டு.

வெறும் டிக்கெட் என்று நினைத்தது

போக்குவரத்து டிக்கெட்டைப் பற்றிப் பிள்ளைகளுக்குப் பொதுவாகப் பயம் இல்லை. அபராதம் கட்டினால் முடிந்தது என்று நினைப்பார்கள். பெரும்பாலும் அது சரிதான். ஆனால் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. வர்ஜீனியாவில் அனுமதித்த வேகத்துக்கு மேல் மணிக்கு 20 மைல் கூடுதலாகப் போனாலோ, எந்தச் சாலையானாலும் 85 மைலைத் தாண்டினாலோ அது 'ரெக்லெஸ் டிரைவிங்'. அங்கே அது மிஸ்டிமீனர் எனப்படும் சிறு குற்ற வகையில் வரும். 12 மாதம் வரை சிறை, 2,500 டாலர் வரை அபராதம் என்று சட்டத்தில் இருக்கிறது. நடைமுறையில் முதல் தடவை மாட்டுகிறவர்கள் பெரும்பாலும் அபராதத்தோடு தப்பிவிடுவார்கள், ஆனால் பதிவேட்டில் குற்றத் தீர்ப்பு என்று ஏறிவிடும்.

வாஷிங்டனில் கோடைக்காலப் பயிற்சிக்குப் போய்த் திரும்பும் வழியில் இப்படி மாட்டிய மாணவி ஒருத்தி, 'குற்றத் தீர்ப்பு உண்டா?' என்ற கேள்விக்கு இல்லை என்று டிக் அடித்து வைத்திருந்தாள். அவள் பொய் சொல்லவில்லை. வழக்கறிஞர் "ஃபைன் கட்டினால் போதும்" என்று சொன்னதை அவள் அப்படித்தான் புரிந்துகொண்டாள். விண்ணப்பத்தை அனுப்பும் முன் அந்த மாநில நீதிமன்ற இணையதளத்தில் அவள் பெயரை நாங்கள் சேர்ந்து தேடினோம். வழக்கு எண்ணும் 'கில்ட்டி' என்ற சொல்லும் திரையில் நின்றன. பதிலை மாற்றினோம். சீட்டு கிடைத்தது. எந்தக் கல்லூரியும் நேர்முகத் தேர்வில் அதைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

போலீஸ், கோர்ட் என்று எதையாவது தொட்டிருந்தால் நினைவை நம்பாதீர்கள், காகிதத்தைக் கையில் எடுங்கள் என்பது இதில் பாடம்.

கோர்ட் அழித்தாலும் கல்லூரி அழிப்பதில்லை

பெற்றோர் அதிகம் குழம்புவது இந்த இடத்தில்தான். நம் ஆட்களில் வசதியுள்ளவர்கள், பிள்ளைக்கு ஒரு பிரச்சினை என்றால் முதலில் வழக்கறிஞரைப் பிடித்துப் பதிவையே நீக்கச் சொல்வார்கள். நீதிமன்றம் முறையாக நீக்கிய அல்லது முத்திரையிட்டு மூடிய மிஸ்டிமீனர் தீர்ப்புகளையும், சிறார் வழக்குகளையும் ஆம்காஸின் மிஸ்டிமீனர் கேள்வி பொதுவாக விட்டுவிடுகிறது. அந்த நம்பிக்கையிலேயே கல்லூரி விவகாரத்தையும் அணுகுவார்கள்.

கல்லூரி நடவடிக்கை பற்றிய கேள்வி வேறு மாதிரி. படிப்பு தடைபடாவிட்டாலும், மதிப்பெண் பட்டியலில் குறிப்பு இல்லாவிட்டாலும், கல்லூரியே அதைப் பின்னர் நீக்கியிருந்தாலும் 'ஆம்' என்று சொல்ல வேண்டும் என்று கேள்வியிலேயே இருக்கிறது. ஒழுங்கு மீறல் மட்டும் இல்லை, மோசமான மதிப்பெண்ணுக்காக அகடமிக் புரொபேஷன் வைத்திருந்தாலும் இதில்தான் வரும். நீதிமன்றக் கேள்விக்கும் இதற்கும் விதி ஒன்றே என்று எண்ணித்தான் பலர் இடறுகிறார்கள்.

முதல் ஆண்டு விடுதியில் நடந்த பீர் விவகாரத்தை எடுத்துக்கொள்வோம். தளப் பொறுப்பாளர் அறிக்கை எழுதுவார். டீன் அலுவலகத்திலிருந்து கடிதம் வரும். மாணவன் ஒரு ஆன்லைன் வகுப்பு முடித்துவிட்டு மறந்துவிடுவான். "அது வெறும் வார்னிங்தான்" என்று என்னிடம் சொன்ன மாணவனிடம் கடிதத்தைக் கொண்டுவரச் சொன்னேன். மூன்றாவது பத்தியில் 'மாணவர் நடத்தை விதி மீறலுக்குப் பொறுப்பானவர் எனக் கண்டறியப்பட்டது' என்றும், அதற்குக் கீழே 'ஒரு பருவத்துக்கு கண்டக்ட் புரொபேஷன்' என்றும் இருந்தது. இதற்கு 'ஆம்' என்பதைத் தவிர வேறு பதில் கிடையாது. அதே சமயம், விசாரணை நடந்து 'பொறுப்பில்லை' என்று முடிந்திருந்தால் கதை வேறு. உங்கள் கல்லூரி எந்த வகையை நடவடிக்கை என்று கணக்கில் எடுக்கிறது என்று டீன் அலுவலகத்தில் கேளுங்கள், பதிலை மின்னஞ்சலில் வாங்கி வையுங்கள். சில மருத்துவக் கல்லூரிகள் சீட்டு கொடுத்த பிறகு உங்கள் டீனிடமே நேரடியாகக் கடிதம் கேட்கும்.

'ஆம்' என்றால் விளக்கம் எழுத 1,325 எழுத்துகளுக்கு இடம் தருவார்கள். அந்த மாணவனின் முதல் வரைவு இப்படி ஆரம்பித்தது: "என் அறைத்தோழன் அழைத்து வந்த நண்பர்கள் காரணமாக ஒரு துரதிர்ஷ்டவசமான சூழ்நிலை ஏற்பட்டது." குற்றம் யாருடையது என்று இந்த வாக்கியத்தில் தேடினாலும் கிடைக்காது. கடைசியில் அனுப்பியது: "19 வயதில், விடுதி அறையில் மது வைத்திருந்தேன். ஒரு பருவம் புரொபேஷன் விதிக்கப்பட்டது. நிபந்தனைகளை முடித்தேன். அதன் பிறகு வேறு நடவடிக்கை இல்லை." இதோடு அடுத்த ஆண்டுகளில் என்ன செய்தான் என்று இரண்டு வரி. நேரான, சுருக்கமான விளக்கத்தைப் படிப்பவர் ஒரு நிமிடத்தில் கடந்துபோவார். சுற்றி வளைத்தால் இன்னும் ஏதோ இருக்கிறது என்று சந்தேகப்படுவார்.

நம் பெயர்களால் வரும் வம்பு

அறிக்கை முதலில் மாணவருக்குத்தான் வரும். படித்துப் பார்த்துத் தவறு இருந்தால் ஆட்சேபிக்க 10 நாள் அவகாசம், அதில் சனி ஞாயிறும் அடக்கம். அதன் பிறகு கல்லூரிகளுக்குப் போய்விடும். எத்தனையோ பேர் அதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

தமிழ்ப் பிள்ளைகள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும். அப்பா பெயர் கடைசிப் பெயராகிறது. இனிஷியல் பாஸ்போர்ட்டில் விரிந்து ஒரு மாதிரி, பள்ளிச் சான்றிதழில் சுருங்கி ஒரு மாதிரி இருக்கிறது. 'கார்த்திக் குமார்' போன்ற பெயர் இந்த நாட்டில் எத்தனை பேருக்கு இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஒரு மாணவனின் அறிக்கையில், அவன் கால் வைத்தே இராத ஒரு கவுண்டியில் கடைத் திருட்டு வழக்கு வந்து நின்றது. பெயர் அப்படியே அவனுடையது. பிறந்த நாளைப் பார்த்தால் அந்த ஆளுக்கு மே 8, இவனுக்கு ஆகஸ்ட் 5. ப்ளஸ் டூவுக்குப் பிறகு கோயம்புத்தூரிலிருந்து வந்தவன், ஏதோ ஒரு பழைய படிவத்தில் நம் ஊர் வழக்கப்படி தேதியை முன்னால் எழுதியிருந்திருக்கிறான். அமெரிக்கக் கணக்கில் மாதம் முன்னால் வருவதால் இரண்டு பேரும் ஒருவராகிவிட்டார்கள்.

கவுண்டி நீதிமன்ற எழுத்தர் அலுவலகத்துக்கு போன் செய்து வழக்குக் கோப்பின் நகல் வாங்கினான். அதில் குற்றவாளியின் உயரம் ஆறடிக்கு மேல் என்று இருந்தது. நம் பையன் ஐந்தரை அடி. நகலோடு ஆட்சேபணை அனுப்பியதும் பதிவு நீக்கப்பட்டது. இந்த உரிமை யாரும் போடும் பிச்சை இல்லை. 1970-இல் வந்த ஃபேர் கிரெடிட் ரிப்போர்ட்டிங் சட்டம், தனியார் பின்னணி அறிக்கைகளில் உள்ள தவறை எதிர்த்துக் கேட்கும் உரிமையைத் தருகிறது. ஆட்சேபித்த கையோடு கல்லூரிக்கும் ஒரு மின்னஞ்சல் போட்டுவிடுங்கள். தகவல் முதலில் உங்களிடமிருந்து போவது நல்லது.

அனுப்பிய பிறகும் கணக்கு ஓடும்

விண்ணப்பத்தை அனுப்பிய பிறகு புதிதாக வழக்கோ கல்லூரி நடவடிக்கையோ வந்தால், 10 வேலை நாட்களுக்குள் கல்லூரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும். கடைசி ஆண்டின் கடைசிப் பருவம் ஆபத்தான காலம். சீட்டு கையில் இருக்கிறது, கொண்டாட்டம் களைகட்டுகிறது. பட்டமளிப்பு விழாவுக்கு முந்தைய வாரம் குடித்துவிட்டு வண்டி ஓட்டி மாட்டிய கதைகள் எங்கள் துறையில் ஆண்டுதோறும் காதில் விழும்.

கஞ்சா விஷயத்திலும் பிள்ளைகள் ஏமாந்துபோகிறார்கள். கலிஃபோர்னியாவில் 2016 வாக்கெடுப்புக்குப் பிறகு வயது வந்தவர்களுக்கு அது சட்டப்படி சரி. மத்திய அரசுச் சட்டத்தில் அப்படி இல்லை. போதைப்பொருள் சோதனை நடத்தும் மருத்துவக் கல்லூரிகளும் மருத்துவமனைகளும் மாநிலச் சட்டத்தைக் காரணமாக ஏற்காமல் போகலாம்.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் மைக்கேல் ஸ்வாங்கோவின் கதையைச் சொல்வேன். மருத்துவப் படிப்பு முடித்தவர். உடன் வேலை பார்த்தவர்களுக்கு ஆர்செனிக் விஷம் கொடுத்ததற்காக 1985-இல் இல்லினாயில் தண்டிக்கப்பட்டார். வெளியே வந்தபின், அது வெறும் அடிதடி வழக்கு என்று போலி ஆவணம் தயாரித்து 1992-இல் தெற்கு டகோட்டாவிலும், குட்டு வெளிப்பட்ட பிறகு 1993-இல் நியூயார்க்கிலும் பயிற்சி மருத்துவராகச் சேர்ந்தார். நோயாளிகள் இறந்தார்கள். 2000-இல் கொலைகளை ஒப்புக்கொண்டு ஆயுள் தண்டனை பெற்றார். அவர் சொன்னதை நீதிமன்றப் பதிவோடு யாரும் ஒப்பிட்டுப் பார்க்காமல் விட்டதன் விலை அது. உங்கள் பிள்ளையின் பீர் பாட்டிலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் சோதிப்பவர் இரண்டு பேரிடமும் கேட்பது ஒரே கேள்வி. நீ சொன்னது உண்மையா?

இந்தக் கேள்வி ஒரு தடவையோடு முடிவதுமில்லை. மருத்துவமனைப் பயிற்சிக்குப் போகும் முன், ரெசிடென்சி விண்ணப்பத்தில், மாநில உரிமம் வாங்கும்போது என்று மீண்டும் மீண்டும் வரும். 21 வயதில் எழுதிய பதிலும் 30 வயதில் எழுதும் பதிலும் பக்கத்துப் பக்கத்தில் வைக்கப்படும். அதனால் அனுப்பிய விளக்கத்தின் நகலையும் கடிதங்களையும் ஒரே கோப்பில் போட்டுப் பத்திரமாக வையுங்கள்.

விண்ணப்பிக்கப்போகும் பிள்ளைகளுக்கு வேலைகள் இவை. குடியிருந்த, படித்த, வண்டி ஓட்டி மாட்டிய இடங்களின் நீதிமன்ற இணையதளங்களில் உங்கள் பெயரை எல்லா எழுத்துக்கூட்டலிலும் தேடுங்கள். முகவரிகளைத் தேதியோடு பட்டியல் போடுங்கள். வழக்கு ஏதும் இருந்திருந்தால் அது நீக்கப்பட்டதா, தள்ளுபடியானதா, தீர்ப்பானதா என்று வழக்கறிஞரிடம் எழுத்தில் வாங்குங்கள். டீன் அலுவலகத்தில் உங்கள் ஒழுங்கு நடவடிக்கைக் கோப்பைக் கேளுங்கள். ஃபெர்ப்பா என்ற 1974-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அதைப் பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு, ஆனால் காட்டுவதற்குக் கல்லூரி 45 நாள் வரை எடுத்துக்கொள்ளலாம். ஆம்காஸ் விண்ணப்பம் மே மாதம் திறக்கும். ஆகவே பிப்ரவரியிலேயே கேட்டுவிடுங்கள்.