தண்ணி பாட்டிலும் கேஸ் கிணறும்

ஹாஸ்டல்ல ஒரு சின்ன டெஸ்ட் பண்ணிப் பாருங்க. ஒரு லிட்டர் பாட்டில்ல தண்ணி நிரப்பி, மூடி இல்லாமல் அப்படியே கவிழ்த்துங்க. 'குளுக் குளுக்'னு திணறித்தான் இறங்கும். வெளியே வரும் தண்ணியும் உள்ளே போகும் காற்றும் ஒரே வாயில் முட்டிக்கொள்வதுதான் காரணம். அடுத்த முறை கவிழ்த்ததும் பாட்டிலை நாலு சுற்று சுழற்றி விடுங்க. நடுவில் காற்றுக்கு வழி திறக்கும், தண்ணி சுவரோடு சுழன்று சீக்கிரமே காலியாகிவிடும்.

இதே சுழல் ஓட்டம், நின்றுபோகும் நிலையில் இருக்கும் கேஸ் கிணற்றையும் கொஞ்ச காலம் ஓட வைக்கும்.

கிணறு ஏன் நின்றுபோகிறது?

கேஸோடு நீரும் சேர்ந்தே வரும். புதுக் கிணற்றில் அழுத்தம் அதிகம். வாயு வேகமாக ஓடி, நீரைத் துளிகளாக மேலே தூக்கி வந்துவிடும். வருஷம் போகப் போக அழுத்தமும் வேகமும் குறையும். ஒரு எல்லைக்குக் கீழே போனால் நீர் திரும்ப அடியில் விழுந்து தேங்கும். 100 மீட்டர் நீர் நின்றாலே சுமார் 10 பார் எதிர் அழுத்தம்! அதனால் வாயு இன்னும் குறையும், நீர் இன்னும் தேங்கும். கடைசியில் பூமிக்குள் கேஸ் மிச்சம் இருந்தும் கிணறு நின்றுவிடும். இதைத்தான் லிக்விட் லோடிங் என்கிறார்கள்.

அந்த எல்லை வேகத்தை 1969-ல் டர்னர், ஹப்பர்ட், டக்ளர் மூவரும் கணக்கிட்டார்கள். துளியின் எடையும் வாயுவின் இழுவை விசையும் சமமாகும் வேகம் அது. வாயு அடர்த்தி கனமீட்டருக்கு 50 கிலோ, நீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 0.06 நியூட்டன் என்று வைத்துக்கொண்டால், கள அளவீடுகளோடு பொருந்த அவர்கள் கூட்டிய 20 சதவீதத்தையும் சேர்த்து, வினாடிக்கு ஏறக்குறைய 2.5 மீட்டர் வரும்.

சுழற்சி என்ன செய்யும்?

டியூபிங்கின் அடியில் திருகு வடிவத் தகடு கொண்ட ஒரு கருவியை இறக்குவார்கள். அதில் நகரும் பாகம் கிடையாது, கரண்டும் வேண்டாம். அதைக் கடக்கும் ஓட்டம் சுழலத் தொடங்கும். சின்னக் கணக்கு: உள் ஆரம் 31 மி.மீ., சுழலும் வேகம் வினாடிக்கு 2 மீட்டர். வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் வகுத்தால் 129. அதாவது புவியீர்ப்பைப் போல 13 மடங்கு! துளிகள் சுவருக்குத் தள்ளப்பட்டுப் படலமாகும், வாயு நடுவில் தடையில்லாமல் ஓடும்.

ஆனால் இதில் மாயம் எதுவும் இல்லை. சுழற்சி புதுசாக ஆற்றல் தராது. ஓட்டத்தின் அழுத்தத்தில் கொஞ்சத்தை எடுத்துத்தான் சுழற்றுகிறது. சுவர் உராய்வால் மேலே போகப் போகச் சுழற்சி தேய்ந்துவிடும். எல்லை வேகத்துக்குக் கொஞ்சம் கீழே இருக்கும் கிணற்றுக்கு இது கைகொடுக்கலாம். அழுத்தமே போன கிணற்றை எழுப்பாது.

பைப்லைனில் அடியில் தேங்கும் நீரைச் சுற்றுச்சுவரில் பரப்பவும் சுழற்சி உதவும். ஆனால் ஆரிஃபிஸ் மீட்டருக்கு அதே சுழற்சி எதிரி, ரீடிங் தப்பாகும். சுழற்சிக் கோணம் 2 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்கிறது ஐ.எஸ்.ஓ. 5167. அதனால் எங்கே சுழற்ற வேண்டும், எங்கே சுழற்சியை நிறுத்த வேண்டும் என்று தெரிந்திருப்பதும் டிசைன்தான்.

உங்களுக்கு ஒரு கேள்வி: எல்லை வேகம், வாயு அடர்த்தியின் வர்க்கமூலத்துக்கு ஏறக்குறைய எதிர்விகிதம். அடர்த்தி பாதியானால் அது எவ்வளவு ஆகும்? போட்டுப் பாருங்க, வினாடிக்கு 3.5 மீட்டரை ஒட்டி வந்தால் உங்களுக்குப் பாடம் புரிந்துவிட்டது!